ரசீது இல்லாத கடிகாரங்கள்

சென்ற ஆண்டு பொங்கலுக்குத் தளவாய்புரம் போயிருந்தபோது, பெரியம்மா பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கடிகாரம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "பெரியப்பா கட்டுனதுய்யா. நம்பிக்கையான எடமாப் பாத்துக் குடுத்துரு. வெல கொறஞ்சாலும் பரவால்ல, ஏமாத்துறவன் கைல போயிரக்கூடாது" என்றார். பேத்தி வீட்டிலேயே நைட்டி தைத்து அனுப்பும் சிறு தொழில் நடத்துகிறாள். (ராஜபாளையம் வட்டாரத்தில் தளவாய்புரம் என்றால் இன்று நைட்டிதான்.) இன்னும் நான்கு பவர் மிஷின் வேண்டும். நகைகள் ஏற்கெனவே அடகில் இருந்தன. மிஞ்சியிருந்தது இதுதான்.

டியூடர் சப்மரைனர். 1966இல் சிங்கப்பூரில் வாங்கியது. பெரியப்பா அங்கே துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. 1968இல் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது மணிக்கட்டில் கட்டியபடி கொண்டுவந்தார். இருநூறு மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும். எங்கள் ஊர்க் கிணறுகளில் எதுவும் அவ்வளவு ஆழமில்லை. பெரியப்பா நீந்தியதெல்லாம் அந்தக் கிணறுகளில்தான்.

விற்கப்போன இடத்தில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். பெட்டியும் ரசீதும் எங்கே? டயலை ஏன் மாற்றினீர்கள்? இரண்டுக்கும் எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, இரண்டுமே எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கவனக்குறைவுகள் அல்ல என்பது விளங்கியது.

கடிகாரம் சேகரிப்போர் சப்மரைனர் போன்றவற்றைத் தனி இனமாகவே கொள்கிறார்கள். அழகுக்காக அணிவது ஒரு வகை; ஒரு தொழிலின் தேவைக்கென்றே செய்யப்பட்டது இன்னொரு வகை. ஆழ்கடலில் மூழ்குவோர், விமானிகள், மலையேறுவோர், ரயில்வே ஊழியர்கள், படைவீரர்கள் ஆகியோருக்கான இவ்வகையைத் தொழிற்கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வினத்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு நாம் அதிகம் பேசாத ஓர் இடம் உண்டு. பம்பாயை மையமாகக் கொண்டு வளர்ந்த சுவிஸ் நிறுவனமான வெஸ்ட் எண்ட், தன் புகழ்பெற்ற கடிகாரத்துக்குச் 'சோவார் பிரைமா' என்று பெயரிட்டது. சோவார் என்றால் குதிரைப்படை வீரன். முதல் உலகப் போரின் காலத்தில் படையினர் மத்தியில் பரவிய அப்பெயர், பிறகு இங்கே தாத்தாக்களின் மணிக்கட்டு வரை வந்தது. கீழே விழுந்தாலும் உள்ளிருக்கும் சக்கர அச்சு முறியாமல் காக்கும் 'இன்காபிளாக்' அமைப்பை 1934இலேயே இந்நிறுவனம் பயன்படுத்தியது. ஜெகர் லெகூல்த்ர் நிறுவனம் 1931இல் வெளியிட்ட 'ரெவெர்சோ' இன்று நகைபோல விற்கப்படுகிறது. ஆனால் இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி அடிக்கடி உடைந்ததால், முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது அது. 1865இலேயே பம்பாய்க்கு வந்த பாவ்ர் லூபா, 1962இல் உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டும் 'பிவுவாக்'கையும், 1968இல் நீரின் ஆழத்தைக் காட்டும் 'பாத்தி'யையும் செய்தது. நம்மவர்களுக்கு அந்நிறுவனம் என்றால் 'சீ கிங்', 'சீ சீஃப்' மட்டுமே. பிவுவாக்கைக் கண்ணால் கண்டவர் நம் பக்கத்தில் மிகக் குறைவாகவே இருப்பார்கள்.

எங்கள் வட்டாரத்துக்குத் துல்லியமான நேரத்தைக் கொண்டுவந்தவை ரயிலும் ஆலையும். 1906இல் இந்திய நேரம் என ஒன்று வகுக்கப்படும்வரை, நாட்டின் பெரும்பாலான ரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தையே, அதாவது 'மெட்ராஸ் டைம்' என்பதையே கைக்கொண்டன. விருதுநகரிலிருந்து திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927இல் தண்டவாளம் வந்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஆலைச் சங்கு ஊதும் ஊரில் தனியாகக் கடிகாரம் எதற்கு? எனவே அதைக் கட்டியிருப்பதே ஒரு செய்தியாயிற்று. ஸ்டூடியோவில் படம் எடுக்கும்போது கடிகாரம் தெரியும்படி சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொள்வதும், சீர்வரிசைப் பட்டியலில் சைக்கிளுக்கும் ரேடியோவுக்கும் பக்கத்தில் மாப்பிள்ளை வாட்ச் இடம்பெறுவதும் அந்தச் செய்தியின் நீட்சிகள்.

டியூடர் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், அதே நம்பகத்தன்மையைக் குறைந்த விலையில் தருவதற்கென உருவாக்கிய பெயர் அது. கூடும் சாவித்திருகும் ரோலெக்ஸினுடையவை. உள்ளே ஓடும் இயந்திரத்தை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தினார்கள். ரோலெக்ஸ் சப்மரைனர் 1954இல் பாசல் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டில் டியூடர் சப்மரைனரும் வந்துவிட்டது. பிரெஞ்சுக் கடற்படை அதைத் தன் மூழ்குவீரர்களுக்கு வழங்கியது. அவர்களில் சிலர் பாராசூட்டின் இழுபட்டையை வெட்டி வாராகக் கட்டிக்கொண்டார்கள். பின்மூடியில் கடற்படையின் முதலெழுத்துகளும் ஆண்டும் பொறிக்கப்பட்ட அக்கடிகாரங்கள், சேவை முடிந்து வெளியே வந்து இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. அங்கே ஓர் அரசு தன் முத்திரையைக் குத்தி அனுப்பியது. இங்கே அரசு செய்தது வேறு.

1957இல் தொடங்கிய அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. எச்.எம்.டி., சிட்டிசனின் துணையோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தேவையோ உற்பத்தியைவிடப் பன்மடங்கு இருந்தது. இந்த இடைவெளியில்தான் கடத்தல் செழித்தது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தைப் புரட்டினால், அதன் 123ஆம் பிரிவில் நாம் எதிர்பாராத ஒரு சொல் நிற்கிறது. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டுபவருடையது என்பது பொதுவிதி. சில பொருள்களுக்கு மட்டும் இப்பிரிவு அதைத் தலைகீழாக்குகிறது. கடத்தல் சரக்கு என்ற நியாயமான நம்பிக்கையின்பேரில் அதிகாரி அப்பொருளைக் கைப்பற்றினால், அது கடத்தப்பட்டதன்று என்று மெய்ப்பிக்கவேண்டியவர் வைத்திருந்தவரே. எந்தப் பொருள்கள்? தங்கம், வைரம், அவற்றாலான பொருள்கள், கடிகாரம். வைரம் பின்னாளில் பட்டியலிலிருந்து நீங்கியது. கடிகாரம் இன்றும் தங்கத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

இதன் விளைவை ஒரு சாதாரணக் குமாஸ்தாவின் இடத்திலிருந்து எண்ணிப்பாருங்கள். கப்பலில் வருகிறவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பழகிய கடிகாரம் பயணியின் சொந்த உபயோகப் பொருள். அதையே பெட்டியில் வைத்து, கடைக்காரர் முத்திரையிட்ட உத்தரவாதச் சீட்டோடு கொண்டுவந்தால் புதுச்சரக்கு. தீர்வை உண்டு, கேள்விகள் உண்டு. அக்கால அனுபவசாலிகள் ஊருக்குப் புறப்படுபவருக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: பெட்டியை அங்கேயே போட்டுவிடு, சீட்டைக் கிழித்துவிடு, கையில் கட்டிக்கொண்டு வா. பெரியப்பாவும் அப்படித்தான் செய்தார் என்று பெரியம்மா சொல்கிறார். உரிமையை மெய்ப்பிக்கக்கூடிய ஒரே காகிதம், சட்டத்துக்கு அஞ்சியே ஒழிக்கப்பட்டது; அதே சட்டம் ஊருக்குள் வந்தபின் அந்தக் காகிதத்தைக் கேட்டது. இந்த முரண் சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாமலிருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. பெருங்கடத்தல்காரர்களுக்கு விரித்த வலை அது. அந்த வலையின் கண்கள் சிறியனவாக இருந்தன.

1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கெனக் கடைகள் அமைந்து, பர்மா பஜார் என்று பெயர்பெற்றன. அங்கே வெளிநாட்டுப் பொருளை ரசீதின்றி வாங்குவது வழக்கமாயிற்று. 1974இல் கடத்தல்காரர்களை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் காஃபிபோசா சட்டம் வந்தது. இச்சூழலில் பழைய சுவிஸ் கடிகாரத்தை விற்க விரும்பும் ஒருவர் யாரிடம் போவார்? விளம்பரம் செய்ய முடியாது. முன்பின் தெரியாதவனிடம் காட்டுவது ஆபத்து. வாங்குகிறவனுக்கும் அதே அச்சம்: திருட்டுப் பொருளோ, கடத்தல் பொருளோ யார் கண்டது? இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்த வாட்ச் ரிப்பேர்க்காரர். யார் எந்தக் கப்பலில் என்ன கட்டிக்கொண்டு வந்தார், யார் வீட்டில் கஷ்டம், எந்தக் கடிகாரம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "இது இன்னாரோட வாட்ச், நான்தான் சர்வீஸ் பார்க்கிறேன்" என்ற அவருடைய ஒரு வாக்கியம், கிழிக்கப்பட்ட சீட்டுக்கு ஈடாக நின்றது. வாங்கியவரும் அவரிடமே சர்வீஸுக்கு வரவேண்டும் என்பதால் அவர் பொய் சொல்வதில் பயனில்லை. நம்பிக்கை என்று நாம் இப்போது உருகிச் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு நடைமுறைக் கணக்கு இருந்தது. அதனால் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருளில் ஒளிரும் எதையும் நாம் 'ரேடியம்' என்போம். ஆட்டோவின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர்கூட ரேடியம் ஸ்டிக்கர்தான். பழைய கடிகாரங்களில் உண்மையிலேயே ரேடியம்தான் பூசப்பட்டது. அதன் கதிர்வீச்சுத் தீங்கு தெரிந்தபின், 1960களில் டிரிட்டியம் அந்த இடத்தைப் பிடித்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது அந்தக் காலத்துக்குள் அதில் பாதி அழிந்துவிடும். ஒளி மங்கும், வெண்மையாயிருந்த புள்ளிகள் வெல்லம்போலப் பழுப்பேறும். பெரியப்பாவின் கடிகாரத்துக்கு 1983 வாக்கில் இது நேர்ந்தது. ராஜபாளையத்து ரிப்பேர்க்காரர் அக்கறையோடு ஒரு வழி சொன்னார்: பம்பாய்க்கு அனுப்பினால் டயலைச் சுரண்டிப் புதிதாக எழுதித் தருவார்கள். அனுப்பினார். கருகருவென்று, பளிச்சென்று திரும்பி வந்தது. பெரியப்பா ஒரு வாரம் சட்டைக் கையை இறக்கவில்லையாம்.

இன்றைய சந்தையில் அந்தப் பழுப்புதான் விலை. சேகரிப்போர் கேட்பது கை படாத டயலை. பாலிஷ் போடாத கூட்டை. 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் ஏலம் விட்ட, நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதுவும் பந்தயக் கார் ஓட்டுநர்களுக்கான தொழிற்கடிகாரம்தான். விற்பனைக்கு வந்த காலத்தில் அந்த டயல் வடிவத்தை வாங்க ஆளில்லாமல் கடைகளில் தேங்கியது என்பார்கள். தேங்கியதால் அரிதாயிற்று, அரிதானதால் விலை. இந்தியாவில் மறுபூச்சுக் கண்ட பழைய கடிகாரங்களுக்கோ இணையத்தில் 'மும்பை ஸ்பெஷல்' என்ற ஏளனப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. உதிரிப்பாகம் இறக்குமதியாகாத நாட்டில், ஒரு கடிகாரத்தை முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடவைத்த கைகள் அவை. ஏமாற்றுவதற்காகப் பூசியவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ராஜபாளையத்திலிருந்து பம்பாய்க்குப் போன அந்த டயல், ஒரு முதலாளி தன் கடிகாரத்தைப் புதிதாகக் காண விரும்பியதால் போனது.

இடையில் ஒரு வீழ்ச்சியும் வந்து போனது. 1969 கிறிஸ்துமஸ் நாளில் செய்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கடிகாரத்தை வெளியிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90 ஆயிரமாயிருந்த வேலைகள் 30 ஆயிரம் அளவுக்குச் சரிந்தன. இங்கே 1984இல் டாடாவும் டிட்கோவும் இணைந்து டைட்டனைத் தொடங்கின; ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. சாவி கொடுக்கவேண்டாம், நேரம் பிசகாது. சாவிக் கடிகாரங்கள் பீரோவுக்குள் போயின. அப்போது பழைய இரும்புபோலக் கொடுத்துத் தீர்த்தவர்கள் எத்தனையோ பேர். பெரியப்பா கொடுக்கவில்லை, அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

சந்தை மீண்டபோது அது காகிதத்தோடு மீண்டது. பெட்டி, உத்தரவாதச் சீட்டு, சர்வீஸ் ரசீது எல்லாம் சேர்ந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. இதனால் வெறும் பெட்டிகளும் சீட்டுகளும் தனியே விற்பனையாகின்றன என்பது வேடிக்கையான உண்மை. எந்தச் சீட்டு எந்தக் கடிகாரத்தோடு பிறந்தது என்று பார்க்கவே தனி அறிவு வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் ரோலெக்ஸே, பழைய ரோலெக்ஸ்களைச் சோதித்துச் சான்றளித்து விற்கும் திட்டத்தை ஐரோப்பாவில் புகேரர் கடைகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு புகேரரையே விலைக்கு வாங்கிக்கொண்டது.

நான் முதலில் போனது ராஜபாளையத்துக்கே. பழைய ரிப்பேர்க்காரர் காலமாகிவிட்டார். மகன் கடையில் இருக்கிறார், பெரும்பாலும் பேட்டரி மாற்றுகிறார். கடிகாரத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. "அண்ணாச்சி, இதுக்கு நான் ஒரு வெல சொன்னா உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிரும். எனக்கு இதோட இன்னைக்கு வெல தெரியாது" என்றார். விலை தெரியாததை ஒப்புக்கொள்ளும் வியாபாரியைக் கண்டால் அவர் சொல்லும் அடுத்த ஆளை நம்பலாம் என்று எனக்குப் பட்டது. அவர் சென்னையில் ஒருவரின் பெயரைச் சொன்னார்.

சென்னைக்காரர் கடிகாரத்தை வாங்கியதும் விலையைப் பற்றிப் பேசவில்லை. வாரைப் பிணைக்கும் சிறு கம்பிகளைக் கழற்றி, கூட்டின் இரு கொம்புகளுக்கு இடையே பொறித்த எண்களைப் படித்தார்; பக்கத்துக்கு ஒன்றாக, மாடல் எண்ணும் வரிசை எண்ணும். பின்மூடியைத் திறந்து உள்ளே எழுதியிருந்த காலாண்டைப் பார்த்தார். ஓசையைக் கேட்டு ஓட்டத்தைத் தாளில் வரையும் கருவியில் வைத்தார். பிறகு என்னை அழைத்து டயலை லென்ஸில் காட்டினார். ரோஜாச் சின்னத்தின் இதழ்கள் தடித்திருந்தன. ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ்' என்ற சொல்லின் இருபுறமும், டிரிட்டியத்தைக் குறித்து இருக்கவேண்டிய 'டி' எழுத்துகள் இல்லை. "பம்பாயில் எழுதியவருக்கு அந்த எழுத்துகளின் பொருள் தெரிந்திருக்காது, அழுக்கு என்று நினைத்திருப்பார்" என்றார். மற்ற எல்லாம் அசல். அசல் டயலோடு வந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும், இப்போது எவ்வளவு தரமுடியும் என்று இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினார். இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் குறைவு. இரண்டு வழிகளும் சொன்னார்: தானே வாங்கிக்கொண்டால் இந்தத் தொகை, வைத்து விற்றுத் தரகு மட்டும் எடுத்துக்கொண்டால் சற்றுக் கூடுதல், ஆனால் காத்திருக்கவேண்டும். முதல் எண்ணை அவர் எழுதிக்காட்டியிருக்கவேண்டியதே இல்லை.

அதன்பின்தான் உரிமைக் கேள்வி. பான் அட்டை, ஆதார் நகல், பெரியம்மாவின் ஒப்புதல் கடிதம், வாரிசுச் சான்று. பணம் வங்கி வழியாகத்தான். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 முதல் தடை இருக்கிறது. பழைய பொருள் வணிகருக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்மேல் மட்டும் ஜி.எஸ்.டி. என்ற ஏற்பாடு உண்டு. ஆகவே ஒழுங்காகக் கணக்கு வைப்பவருக்குத் திருட்டுத்தனத்தால் ஆதாயம் குறைவு என்று விளக்கினார். 2025 ஏப்ரலில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகார விற்பனையில் ஒரு விழுக்காடு வரியை முன்கூட்டியே வசூலிக்கும் அறிவிப்பும் வந்தது. கடிகாரத்தின்மீது அரசுக்கு இருக்கும் சந்தேகம் அறுபது ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை.

இத்தனை காகிதங்களுக்குப் பிறகும், இது அவருடைய கடிகாரம்தான் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ரசீது இல்லை என்றேன். "அந்தக் காலத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருக்காது. போட்டோ இருக்குமா?" என்றார்.

இருந்தது. 1971இல் ராஜபாளையத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. பெரியம்மா நாற்காலியில், பெரியப்பா பின்னால் நின்று, நாற்காலியின் முதுகில் இடக்கையை வைத்திருக்கிறார். சட்டைக் கை இரண்டு மடிப்பு ஏறியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் டயலில் ரோஜாகூடத் தெரிகிறது, பம்பாய்க்குப் போகுமுன் இருந்த ரோஜா. வாங்குபவர் படத்தையும் சேர்த்துக் கேட்பார், சேர்ந்திருந்தால் விலை கூடும் என்று சொல்லி எண்ணைத் திருத்தி எழுதினார் சென்னைக்காரர்.

பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாட்ச குடுத்துரு. படத்தக் குடுக்காத, வேணும்னா நகல் எடுத்துக்கிடச் சொல்லு" என்றார். கடைக்காரர் நகலை வாங்கி, அதன் பின்புறத்தில் அசல் குடும்பத்தாரிடம் உள்ளது என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். மூன்று மிஷின்களுக்குக் காணும் தொகை பெரியம்மாவின் கணக்குக்கு மறுநாள் வந்தது. அசல் படம் இப்போதும் தளவாய்புரத்தில், கடிகாரம் இருந்த பீரோவின் அதே தட்டில் இருக்கிறது.